பேயை எடுத்த பிறகு

பாடம் சொல்கிறவருக்கு முப்பது வயது. கேட்கிறவனுக்கு நாற்பத்தாறு. அவர் அவனை 'குணா சார்' என்பார். அவன் அவரை 'மேடம்' என்பான். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும்.

தில்லை நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுத்தருகிற இடம். படியேறும்போதே பிஸ்கட் வேகிற வாசனை கூடவே ஏறிவரும். ஜமீலா அங்கே கதை அமைப்புக்கு ஆசிரியை. குணசீலன் காவிரிக்கரையில் குடிநீர் நீரேற்று நிலையத்தில் இரவு வேலை பார்ப்பவன். ராத்திரியை மோட்டார் சத்தத்தில் கழித்துவிட்டு, பகலில் அரைத்தூக்கத்தோடு வகுப்புக்கு வருவான், கண்ணெல்லாம் சிவந்து. செல்போனில் பார்த்துப் பார்த்தே பாதி வித்தையைத் தானாகப் படித்துக்கொண்டவன். மீதிப் பாதி பிடிபடவில்லை. அதற்காகச் சேர்ந்தான்.

ஜமீலாவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கேமை ஆடிப் பார்க்க உட்கார்ந்தால், அதைச் செய்தவர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். உட்காருமுன் ஜமீலா ஓர் ஆரஞ்சு மிட்டாயைக் கொடுப்பார். அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது. அது கரைகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்தப் பக்கம் போங்க, அந்தச் சாவியை எடுங்க, அது எதுக்குன்னா என்றெல்லாம் வாய் துருதுருக்கும். மிட்டாய்தான் காவல்.

முதல் நாளே குணசீலன் ஏன் என்று கேட்டான்.

"வெளிய போனப்புறம் எவனோ எங்கயோ ஒக்காந்து ஆடுவான். அவன் பின்னாடி நீங்க ஒக்கார முடியுமா சார்?" என்றார்.

அந்த 'எவனோ எங்கயோ' என்பது அவன் நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது.

காரணம் இருந்தது. ஆண்டு முடிவில், மாணவர்கள் செய்த கேம்களில் ஒன்றை மட்டும் நிலையம் இணையத்தில் வெளியிடும். காசில்லாமல், யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலிருந்தும் ஆடலாம். குணசீலன் சேர்ந்ததே அதற்குத்தான். அவனுக்குத் தயாளன் என்று ஒரு தம்பி. பள்ளிக்கூடம் விட்டால் வீடியோ கேம் கடைதான் கதி. ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. சண்டை இல்லை. திட்டு இல்லை. பரீட்சையில்கூடத் தேறியிருந்தான். போனான், அவ்வளவுதான்.

கடையிலிருந்து அப்பா கண்ணில் படாமல் கொல்லைச் சந்து வழியாக வருவது அவன் பழக்கம். அதனால் அம்மா கொல்லைக் கதவைத் தாழ் போடவில்லை. வருகிறவன் பசியோடு வருவான் என்று ஒரு தட்டில் சாப்பாடு போட்டு மூடிவைப்பார். அன்றைக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. அப்பா போனார். அம்மாவும் போனார். கதவு அப்படியே இருந்தது. குணசீலனை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், ராத்திரி வேலைக்குப் போகிற மனுஷன் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவானாமே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நல்லபடியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே அவன் உறையூர் வீட்டையே கேமுக்குள் கட்டினான். சமையற்கட்டில் உடைந்த சிவப்புத் தரை, ஜன்னலில் வளைந்த மூன்றாவது கம்பி, கொல்லைப் படி. எங்கேயோ இருக்கிற ஒருவன் இதை ஆடினால், வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துகொள்வான். இது குணசீலனின் கணக்கு. யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டாளி இம்மானுவேலுக்கு இருபது வயது. புரோகிராம் எழுதுகிறவன் அவன். குணசீலனை முதலில் அங்கிள் என்றான். முறைத்ததும் தலைவரே என்று மாற்றிக்கொண்டான். பேய்க் கேம்தான் செய்ய வேண்டும் என்று அவன் ஒரே பிடியாய் நின்றான். வீடு இருந்தால் போதும் என்று குணசீலன் ஒத்துக்கொண்டான். ஆகப் பேய் வந்து சேர்ந்தது. அலமாரிக்குள் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஒன்று. மூன்றுக்கும் குணசீலன் தனித்தனியாகத் துயரக் கதை எழுதினான்.

பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்து ஆடிப் பார்த்தாள். அலமாரிப் பேய் குதித்தது. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், எத்தன நாளா உள்ள நிக்கிது?" என்றாள். கிணற்றடிப் பேயிடம் டாட்டா காட்டினாள். குணசீலன் பொறுக்கமாட்டாமல் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, அந்தப் பேய் ஏன் கிணற்றடியில் நிற்கிறது என்று விளக்க ஆரம்பித்தான். அவள் கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். நல்ல பெண்.

அவள் போனபிறகு அவன் ஜமீலாவிடம் போனான்.

"பயம் வரணும்னா என்ன செய்யணும் மேடம்?"

"ஒரு பேய எடுத்துடுங்க."

அலமாரிப் பேயை எடுத்தான். மறுபடி யாரோ ஆடினார்கள், சிரித்தார்கள். மறுபடி போனான்.

"இன்னொன்ன எடுங்க."

எடுத்தான். கடைசிப் பேயையும் எடுக்கச் சொன்ன அன்று இம்மானுவேல் சண்டைக்கு நின்றான். பேயே இல்லாமல் பேய்க் கேம் என்று போட்டால், கறி இல்லாமல் பிரியாணி என்று விற்கிற மாதிரி, ஆள் அடிக்க வருவான் என்றான். ஜமீலா அவனுக்கும் ஒரு மிட்டாயைக் கொடுத்து உட்காரச் சொன்னார். பிறகு குணசீலனிடம் கேட்டார்.

"காலையில வேலை முடிச்சு வீட்டுக்குப் போனா மொதல்ல என்ன பாப்பீங்க சார்?"

அவன் யோசிக்காமலே சொன்னான். "தட்ட."

"என்ன தட்டு?"

"ராத்திரி போறப்ப இட்லி மூடி வெச்சிட்டுப் போவேன். மூடி நகந்திருக்கான்னு பாப்பேன்."

"நகந்திருந்தா?"

"பூனையா இருக்கும்."

"பூனை இல்லன்னா?"

வாயில் மிட்டாயோடு உட்கார்ந்திருந்த இம்மானுவேல் மெதுவாகத் தன் முழங்கையைத் தடவிக்கொண்டான். அங்கே மயிர் சிலிர்த்திருந்தது.

அன்றிலிருந்து கேம் மாறியது. ஆடுகிறவன் இப்போது இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்புகிற ஆள். ஆளில்லாத வீடு. நல்ல வெளிச்சம். முதல் நாள் எல்லாம் வைத்தது வைத்தபடி. அடுத்த காலையில் தட்டின் மூடி கொஞ்சம் நகர்ந்திருக்கும். அடுத்ததில் கொடியில் கிடக்கும் துண்டு ஈரமாக இருக்கும். அதற்கும் அடுத்ததில் கொல்லைப் படியில் ஒரு ஜோடி செருப்பு. ஆளைக் காட்டுவதே இல்லை.

ஜமீலா தாமே உட்கார்ந்து ஆடினார். குணசீலன் பின்னால், மிட்டாயோடு. அவர் வீடு முழுக்கச் சுற்றி வந்து கொல்லைக் கதவருகே நின்றார். அதை மூடப் பார்த்தார். மூடவில்லை. மறுபடி மூடப் பார்த்தார்.

அதை எத்தனையோ முறை சரிசெய்துவிட்டதாக இம்மானுவேல் புலம்பினான். மற்ற கதவெல்லாம் மூடுகிறது, இது மட்டும் மறுநாள் பார்த்தால் பழையபடி ஆகிவிடுகிறது என்றான். ஜமீலா திரும்பிக் குணசீலனைப் பார்த்தார். அவன் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான். அது கரைந்த பிறகு, தான்தான் மாற்றி வைப்பதாக ஒத்துக்கொண்டு, தம்பியைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷத்துக் கதை இவ்வளவுதானா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தக் கதவு மூடக் கூடாது மேடம். அது அப்படித்தான்."

ஜமீலா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"மூடவே முடியாத கதவ யாரும் தொறந்து வெச்சதா ஆகாதே சார்."

அன்று மாலை குணசீலனே உட்கார்ந்து அந்தக் கதவை மூடும்படி செய்தான். மூடினால் கேம் முடிந்துவிடும். மூடாவிட்டால் அடுத்த காலை வரும்.

அதன் பிறகு ஆடினவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஈரத் துண்டைக் கண்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்கள். செருப்பைக் கண்டதும் ஓடிப்போய்க் கதவை மூடினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல். ஜெயித்துவிட்டோம் தலைவரே என்று இம்மானுவேல் குதித்தான். குணசீலன் பின் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சு மிட்டாய் கசந்தது.

ஜமீலா பாராட்டினார். ஆனால் இன்னும் முடியவில்லை என்றார். யாராவது ஒருத்தர் மூடாமல் உள்ளே போனால் என்ன ஆகும், அதை எழுதிக் கொடுங்கள், எழுதினால் வெளியிடுகிற கேம் இதுதான் என்றார். வெளியாட்கள் வந்து கேம்களை ஆடிப் பார்க்கிற பார்வையாளர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவனால் எழுத முடியவில்லை. தம்பியை உட்காரவைத்துப் பார்த்தான். எந்த வயதில் உட்காரவைப்பது? மீசை உண்டா? தலை நரைத்திருக்குமா? பேசுவானா? எழுதியதையெல்லாம் அழித்தான். கடைசியில் கேமின் கூடத்தில் வெறும் கட்டில் மட்டும் நின்றது.

இதற்கிடையில் கதவுச் சத்தத்தையும் சுவரின் நிறத்தையும் நேரில் பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக ஜமீலா சொல்லியிருந்தார். நான் வர நேரமானாலும் கொல்லைப் பக்கம் திறந்துதான் இருக்கும், உள்ளே போங்கள் என்றான் குணசீலன். ஞாயிற்றுக்கிழமை மழை என்று செய்தி வந்ததால், ஜமீலாவும் இம்மானுவேலும் சனிக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்கள். போன் செய்தார்கள். மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை குணசீலன் வழக்கம்போல் சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தெருப் பக்கம் நின்ற ஸ்கூட்டர் அவன் கண்ணில் படவில்லை.

கொல்லைப் படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ஆண் செருப்பு. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து.

சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

சமையற்கட்டில் தட்டின் மூடி பக்கத்தில் இருந்தது. தட்டு காலி. துவையல் வழித்த விரல் தடம் தெரிந்தது. தண்ணீர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பூனை டம்ளரைக் கவிழ்க்காது.

கூடத்து நிலைக்கு அப்பால் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரியும். அங்கே ஒரு பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவனின் பாதம்.

குணசீலன் நின்றான். நாலு எட்டு வைத்தால் முகம் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் இந்த நாலு எட்டுக்குத்தான் இருந்தான். தயா என்று கூப்பிடப் பார்த்தான். காற்றுதான் வந்தது. கால் நகர்ந்தது. ஆனால் பின்னால் நகர்ந்தது. தரையின் உடைந்த இடம் குதிகாலில் குத்தியது. படி தட்டுப்பட்டது. வெளியே வந்துவிட்டான்.

கதவைச் சாத்தினான். வெளிப்பக்கத்து நாதாங்கியை இழுத்து மாட்டினான். துருப் பிடித்துப்போயிருந்தது. இரண்டு கையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. குணசீலன் தன் விரல்களைப் பார்த்தான். துரு ஒட்டியிருந்தது. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு நாதாங்கியை எடுத்தான். கதவைத் தள்ளினான்.

இம்மானுவேல் சமையற்கட்டில் நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான்.

"தலைவரே, இட்லி பஞ்சு மாதிரி. தொவையல்தான் கொல்லுது. பசி தாங்கல, கேக்காம சாப்பிட்டுட்டேன்."

குணசீலன் அவனைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "போதுமாடா? இன்னும் ரெண்டு ஊத்தவா?" என்றான்.

பக்கத்துச் சந்திலிருந்து ஜமீலா வந்தார். வளைந்த ஜன்னல் கம்பியைப் படம் எடுத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருக்கிறார். கையில் போன் இருந்தது. அது எப்போதோ அணைந்துபோயிருந்தது.

டீ போட்டான். மூன்று டம்ளர். அந்த வீட்டில் பரணிலிருந்து மூன்றாவது டம்ளர் இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. இம்மானுவேல் தன் டம்ளரோடு கூடத்துச் சுவரைப் படம் எடுக்கப் போனான்.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"கூப்புட்டிருக்கலாமே."

"கூப்புட்டிருக்கலாம். வாய் வரல. மன்னிச்சிடுங்க சார்."

அவன் டீயை ஆற்றினான். ஆறிய டீயை மறுபடி ஆற்றினான்.

"அந்தப் புள்ளைங்கள மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருப்பேன். நானே மூடிட்டேன்."

"ஆமா."

"நாதாங்கியும் போட்டேன்."

"அத எடுத்ததயும் பாத்தேன்."

உள்ளே இம்மானுவேல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கொல்லைக் கதவு காற்றில் லேசாக ஆடியது. குணசீலன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப கேம்ல உள்ள போறவனுக்கு யாரக் காட்டறது மேடம்?"

ஜமீலா தன் டம்ளரைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார்.

"நீங்க நாதாங்கிய எடுத்தப்ப, உள்ள யாருன்னு தெரிஞ்சா எடுத்தீங்க?"

அன்று மாலை வகுப்பில் அவன் கேமின் கூடத்தை முழுசாக அழித்துவிட்டான், கட்டிலோடு சேர்த்து. இம்மானுவேல் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை மூடினாலும் கேம் முடியாதபடி எழுதிக்கொடுத்தான். மூடியவன் இப்போது வெளியே நிற்பான். எதிரே சாத்திய கதவு. அதில் துருப் பிடித்த நாதாங்கி.

பார்வையாளர் வருகிற நாளன்று காலையிலேயே, மாலையில் இணையத்தில் ஏறப்போவது இந்தக் கேம்தான் என்று ஜமீலா சொல்லிவிட்டார். பிறகு ஒரு மிட்டாயைக் கொடுத்துப் பின் நாற்காலியைக் காட்டினார்.

நிறையப் பேர் ஆடினார்கள். கதவை மூடினார்கள். மூடிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனார்கள். சிலர் திறந்தார்கள். திறக்கும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் விழும். அத்தோடு கேம் முடியும்.

கடைசியாக ஒருவர் வந்தார். யாரோ மாணவனின் அப்பா. குணசீலன் வயதுதான் இருக்கும். இதெல்லாம் எனக்கு வராதுங்க என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். செருப்பைப் பார்த்ததும் எல்லோரையும்போலப் பதறிப் போய் மூடினார். பிறகு அந்த நாதாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வந்து கிளம்பலாம்ப்பா என்றான். இருடா என்றார்.

மெல்லத் திரும்பிக் குணசீலனிடம் கேட்டார்.

"உள்ள யாருங்க இருக்கா?"

குணசீலன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு அவரைப் பார்த்தான். மிட்டாய் எப்போதோ கரைந்துபோயிருந்தது.